யார் விட்டது?

அமெரிக்காவின் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தபோது, அங்கிருந்த அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் (நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) வீடியோ அறையில் பகுதிநேர வேலை கிடைத்தது. எஃப்-1 மாணவர் விசாக்காரன் வகுப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நூலகத்தில் இடம் இல்லை, உணவு விடுதியில் இரவு ஷிஃப்ட்தான் இருந்தது. வீடியோ அறைக்கு எக்ஸெல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. இந்த ஆட்டத்தின் விதிகள் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். நல்லது, நீயாக எதையும் கற்பனை செய்து எழுத மாட்டாய் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அணியின் பெயர் வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டு நன்றாக ஆடிய அணி. நான் சேர்ந்த 2024 சீசனில் அடி மேல் அடி வாங்கியது, அதுவும் பெரும்பாலும் பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக்கின் விலா எலும்பில்.

வேலை இதுதான். ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு கோணத்தில் படமாகும். ஒன்று மைதானத்தின் பக்கவாட்டில் உயரத்திலிருந்து, இன்னொன்று கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து. பந்து உயிரோடு இருக்கும் ஐந்தாறு விநாடிகளை மட்டும் வெட்டியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை நிரப்ப வேண்டும். எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), இன்னும் எத்தனை யார்டு, யார் யார் எங்கே நின்றார்கள், எதிரணியில் எத்தனை பேர் பாய்ந்தார்கள், முடிவு என்ன என்று. குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் பிடிபட்டு விழுந்தால், அதாவது சாக் ஆனால், கடைசியில் இன்னொரு கட்டம் இருக்கும். யார் விட்டது? அங்கே ஒரு ஜெர்சி எண் எழுத வேண்டும்.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள், இவர்கள்தான் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். 50 முதல் 79 வரை உள்ள எண்கள் அவர்களுக்கானவை. ஆளுக்கு 130, 140 கிலோ இருப்பார்கள். சென்டரைத் தவிர மற்ற நால்வரும் ஒரு சீசன் முழுக்கப் பந்தைத் தொடாமலே ஆடி முடிக்கலாம். பின்னால் நிற்பவருக்கு இரண்டரை விநாடி வாங்கித் தருவதுதான் இவர்கள் பிழைப்பு. புள்ளிவிவரப் பட்டியலில் இவர்களுக்கென்று ஒரு வரியும் கிடையாது. கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. சாக்கில் இழந்த யார்டுகளைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் அணியின் பாஸிங், அதாவது எறிந்து முன்னேறிய, கணக்கில் கழிப்பார்கள், கல்லூரியில் பந்தோடு ஓடி முன்னேறிய ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். ஆக, ஒரே ஒரு பாஸ் முயற்சி கெட்டுப்போனால், மறுநாள் "இந்த லைனுக்கு ஓட்டத்துக்குக்கூட வழி திறக்கத் தெரியவில்லை" என்று செய்தி வரும். எண்களை நம்பிச் சோறு தின்கிறவன் நான், எனக்கே எரிச்சலாக இருக்கும்.

ஆரம்பத்தில் அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்கு இருப்பதிலேயே சுலபமான வேலையாகத் தெரிந்தது. குவார்ட்டர்பேக் மேல் யார் விழுந்தானோ அவனைத் தடுக்க வேண்டியவன் யாரென்று பார், எண்ணை எழுது, அடுத்ததற்குப் போ. செப்டம்பர் கடைசியில் ஒரு மூன்றாவது டவுன் வந்தது, இன்னும் எட்டு யார்டு வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. இடது கார்டு தோளைத் திருப்பி ஒருவனைத் துரத்திக்கொண்டு போகிறார், அவர் விட்ட இடைவெளியில் இன்னொருவன் நேராக உள்ளே வருகிறான். கார்டின் எண்ணை எழுதினேன்.

லைன் பயிற்சியாளர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பின்னாலிருந்து எடுத்ததைப் போடு" என்றார். போட்டேன். "திரும்ப ஓட்டு. மெதுவா." அப்படியே திரும்பத் திரும்ப ஓட்டினோம். பந்து புறப்படுவதற்கு முன்பே கதை தொடங்கியிருந்தது. சென்டர் எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கரைக் கைநீட்டிக் காட்டுகிறார். அங்கிருந்துதான் எல்லோரும் தங்கள் ஆளை எண்ணிக்கொள்ள வேண்டும். குவார்ட்டர்பேக் அதை மாற்றி வேறொருவனைக் காட்டுகிறார். இடது பக்கம் அதைக் கேட்டது, வலது பக்கம் கேட்கவில்லை. பந்து வந்தவுடன் எதிரணியின் ஓர ஆள் உள்ளே பாய்கிறான், உள்ளே இருந்தவன் அவன் முதுகைச் சுற்றி வெளியே வருகிறான். இந்த மாதிரி குறுக்கே மாறும்போது கார்டும் டேக்கிளும் தங்கள் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். கார்டு மாற்றத் தயாராகத்தான் இருந்தார், டேக்கிள் ஒரு எட்டு பின்தங்கி நின்றார். உதவிக்கு வர வேண்டிய ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுகிறவர், பழைய எண்ணிக்கையின்படி வலது பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதெல்லாம் நடக்கும்போதே வலது ஓரத்தில் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் ஒருவர் தன்னைத் தடுக்க ஆளில்லாமல் கையை உயர்த்துகிறார், எறிய நேரமும் இருக்கிறது, எறியவில்லை.

"அப்போ யார் நம்பர் போடட்டும், கோச்?"

"காலியா விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். காலியாக விட்டால் எங்கள் வீடியோ துறைத் தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார். தலைமைப் பயிற்சியாளருக்குத் திங்கள்கிழமை போகும் வரைபடத்தில் ஓட்டை விழும். கார்டின் எண்ணே இருக்கட்டும் என்று முடிவானது. அந்தப் பையன் அந்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்தான். அதற்கு என் எக்ஸெல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வரைபடம் மேசை மேல் இருந்தது.

அறைத்தோழனுக்கு இதை விளக்கப் பட்ட பாடு தனிக்கதை. திண்டுக்கல்காரன், கபடி ஆடியவன். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலி மாதிரி என்றதும் பிடித்துக்கொண்டான். பாடி வருகிறவன் எந்தக் கையை அறுக்கிறான் என்பது கடைசியில்தான் தெரியும், அதற்கு முன்னால் யாரோ ஒருவன் காலை முந்தி வைத்திருப்பான் என்றான். அதோடு விடவில்லை. "டேய், பேசாம அந்த ரெண்டாவது குவார்ட்டர்பேக் பையனை எறக்கச் சொல்லேன்டா" என்றான், ஏதோ நான் சொன்னால் இறக்கிவிடுவார்கள் போல.

அக்டோபரில் குவார்ட்டர்பேக் மாற ஆரம்பித்தார். ஒருத்தர் தொடர்ந்து அடிபட்டால், அடி வராத நேரத்திலும் அது வருவதாகவே தெரியும். அங்கே அதைப் பேய் பார்க்கிறான் என்பார்கள். பின்னாலிருந்து எடுத்த படத்தில் ஹெல்மெட்டின் கம்பிகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று கவனித்தால் போதும். ஆகஸ்டில் அது தூரத்தில் ஓடும் ரிசீவர்களைப் பார்த்திருந்தது. அக்டோபரில் இரண்டாவது எட்டிலேயே கீழே இறங்கி, தன் முன்னால் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தது. கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுற்றிலும் சுத்தமாக இடம் இருக்கும்போதே வலது பக்கம் கிளம்பி ஓடுவார்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டேக்கிளுக்குப் பின்னால் கண் கிடையாது. குவார்ட்டர்பேக் இத்தனை யார்டு பின்னால்தான் நிற்பார் என்ற நம்பிக்கையில்தான் அவர் தன் கோணத்தை அமைக்கிறார். தன் ஆளை வெளிப்பக்கமாகத் தள்ளி, குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் வட்டமடிக்க வைப்பதுதான் திட்டம். ஏழெட்டு யார்டு ஆழத்தில் நிற்க வேண்டியவர் பயத்தில் பத்து யார்டுக்கு நழுவிவிட்டால், டேக்கிள் ஒழுங்காகத் தள்ளிவிட்ட அதே ஆள் நேராக அவர் மடியில் போய் விழுவான். டேக்கிள் தன் வேலையைத் துளி குறையில்லாமல் செய்திருப்பார், கட்டத்தில் அவர் எண்தான் விழும். அடுத்த முறை அவர் என்ன செய்வார்? கூடுதலாக ஒரு விநாடி சட்டையைப் பிடித்து நிறுத்துவார். மஞ்சள் கொடி, பத்து யார்டு அபராதம். அதற்குப் பயந்து, பந்து நகர்வதற்குள் துள்ளிவிடுவார், அதற்கு ஐந்து யார்டு. மூன்றாவது டவுனில் பதினைந்து யார்டு வேண்டும் என்றால் பாஸ்தான் வரும் என்று எதிரணிக்கும் தெரியும், அவர்கள் ஓட்டத்தைப் பற்றி நினைக்காமல் முழு வேகத்தில் பாய்வார்கள். குவார்ட்டர்பேக் இன்னும் பின்னால் நழுவுவார்.

வெளியூர் மைதானங்களில் இது இரட்டிப்பு. கூட்டத்தின் சத்தத்தில் குரல் எடுபடாது. சென்டர் குனிந்திருப்பார், கார்டு தலையைத் திருப்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார். அவர் காலைத் தூக்கினால் கார்டு சென்டரைத் தட்டுவார், ஒரு கணம் விட்டுப் பந்து கிளம்பும். அந்தக் கணத்தை எதிரணி எண்ணிப் பழகிவிட்டால், நம் டேக்கிளைவிட அவர்கள் முன்னதாகவே புறப்படுவார்கள். அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் பெரிய கல்லூரி அணிகளின் குவார்ட்டர்பேக்குகளுக்கு ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் குரல் கேட்க அனுமதி வந்தது. பந்தைக் கிளப்பக் கெடு வைக்கும் ப்ளே கிளாக்கில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அது அணைந்துவிடும். எங்களோடு ஆடிய சில அணிகள் அதுவரை சும்மா நின்றுவிட்டு, குரல் அணைந்த பிறகுதான் தங்கள் ஆட்களை இடம் மாற்றின.

மைதான ஓரத்தில் டேப்லெட் வந்ததும் அதே ஆண்டுதான். ஆட்டம் நடக்கும்போதே வீரர்கள் வீடியோ பார்க்கலாம். அதனால் சனிக்கிழமைகளில் எனக்கு பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வேலை, படம் சரியாக வந்து விழுகிறதா என்று பார்ப்பது. கெட்ட வார்த்தை பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே திரை மேல் தலையைக் குனிந்து, யாருடைய முதல் எட்டு எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும் பேசினார்கள். சாக் நடந்த இடத்துக்குப் படம் வருவதற்கு முன்பே நிறுத்திப் பின்னால் ஓட்டிவிடுவார்கள். குவார்ட்டர்பேக் அடுத்த பெஞ்சில் வேறொரு திரையோடு தனியாக உட்கார்ந்திருப்பார். இந்த ஏற்பாடு எனக்குக் கடைசிவரை புரியவில்லை. ஐவரும் அவரும் ஒரே படத்தைச் சேர்ந்து பார்த்து நான் கண்டதேயில்லை.

வீடியோ வேலை என்றால் ஏசி அறை மட்டும் இல்லை. பயிற்சியைப் படமெடுக்க, ஆளை உயரே தூக்கும் மேடையான லிஃப்டில் ஏற வேண்டும். ஏறும்முன் காற்றின் வேகத்தைப் பார்த்தாக வேண்டும். 2010 அக்டோபரில் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பலத்த காற்றில் லிஃப்ட் சாய்ந்து, மேலே நின்று படமெடுத்த மாணவர் ஒருவர் இறந்துபோனார். காற்று அதிகமென்றால் அன்றைக்குப் பின்கோணப் படம் கிடையாது. லைன் பயிற்சியாளர் முணுமுணுப்பார், ஆனால் ஏறச் சொன்னதில்லை.

குவார்ட்டர்பேக்கை மாற்றினார்கள். நவம்பரில் இரண்டாவது ஆள் இறங்கினார். சாக் குறைந்தது. அதே ஐந்து பேர், அதே கால்கள், ஆனால் லைன் தேறிவிட்டது என்று ஊரே பேசியது. அவர் பந்தைக் கையில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். முதலில் தெரிந்த ஆளிடம் எறிந்துவிடுவார், அது யார் கைக்குப் போனாலும் சரி. எதிரணி பிடித்த பந்துகளுக்கு "யார் விட்டது" கட்டமே கிடையாது.

அந்த ஆண்டு எங்களைப் போல இன்னும் சிலரும் அவதிப்பட்டார்கள் என்பது ஓர் ஆறுதல். 2023-இல் 13-0 என்று ஒரு தோல்வியும் இல்லாமல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீக்கின் பட்டம் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட், 2024-இல் 2-10, அதாவது இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி. லைன் இடிந்தது, குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி வந்தார்கள். 2023 சீசனின் தேசியப் பட்டம் வென்ற மிச்சிகன், லைனையும் குவார்ட்டர்பேக்கையும் என்எஃப்எல்லுக்குக் கொடுத்துவிட்டு, மறு ஆண்டு மூன்று குவார்ட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி ஆட வைத்தது. ஆனால் கடைசி வாரம் ஒஹையோ ஸ்டேட்டை அவர்கள் மண்ணிலேயே 13-10 என்று சாய்த்தது, பாஸில் நூறு யார்டுகூட எடுக்காமல். எறிய முடியாது என்று ஒப்புக்கொண்டு, லைனுக்குப் பின்னால் ஓடியே ஜெயித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த ஒப்புக்கொள்ளல் வரவேயில்லை.

லைனுக்கென்றே ஜோ மூர் விருது என்று ஒன்று 2015-லிருந்து தருகிறார்கள். தனி ஆளுக்கு இல்லை, மொத்தக் குழுவுக்கும் சேர்த்து. 2024-இல் அதை வாங்கியது ராணுவப் பயிற்சிக் கழகமான ஆர்மி. பள்ளியிலேயே பேர் வாங்கிய பெரிய நட்சத்திரங்கள் அங்கே போவதில்லை, பாஸும் அபூர்வம். ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறார்கள். மற்ற இடங்களில் 2018-இல் வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது, 2021-லிருந்து கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்கவும் வேண்டாம், வீரர்களுக்குப் பணமும் சட்டபூர்வமாக வந்துவிட்டது. நல்ல ரிசீவரை ஜனவரியில் வாங்கி செப்டம்பரில் ஆட வைக்கலாம். கைமாற்றிக்கொள்ளத் தெரிந்த கார்டையும் டேக்கிளையும் அப்படி வாங்க முடியாது, அவர்களை ஜோடியாக யாரும் விற்பதில்லை. எங்கள் இடது கார்டும் டேக்கிளும் வேறு வேறு கல்லூரியிலிருந்து அந்தக் கோடையில் வந்து சேர்ந்தவர்கள்.

சீசன் முடிந்ததும் லைன் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். போகும்முன் வீடியோ அறைக்கு வந்து, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு வேறு மூன்று போடச் சொன்னார். பந்து புறப்படும் முன் யார் என்ன மாற்றினார்கள், குவார்ட்டர்பேக் எத்தனை யார்டு ஆழத்தில் இருந்தார், எத்தனை விநாடி வைத்திருந்தார். போட்டோம். புதிதாக வந்தவர் பழையதையும் சேர்த்தே வேண்டும் என்றார், இப்போது நான்கு கட்டங்கள்.

முதல் குவார்ட்டர்பேக்கும் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் நடைபாதையில் பணப் பேச்சுதான். 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து நேரடியாக ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர்வரை தரலாம் என்று வரவிருந்தது, அதில் புதுக் குவார்ட்டர்பேக்குக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கணக்கு ஓடியது. என்னைக் கேட்டிருந்தால் முதல் காசோலையை சென்டருக்கு எழுதச் சொல்லியிருப்பேன், இரண்டாவதை அவர் பக்கத்தில் நிற்கும் கார்டுக்கு, மூன்று வருடம் எங்கேயும் போக மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு. என்னிடம் கேட்டது, போர்ட்டலில் இருக்கும் குவார்ட்டர்பேக்குகள் எறிந்த நீளமான பந்துகளை மட்டும் தனியாக வெட்டித் தர எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான்.