ஹெர்மன் ரிட்டரும் கைக்கு எட்டாத வயோலாவும்

மார்ச் 4

ஹங்கேரிய இசையமைப்பாளர் லிஸ்ட் 1880இல் எழுதிய ‘ரோமான்ஸ் உப்லியே’தான் இந்த வாரப் பாடம். வயோலாவும் (வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, சுருதி தாழ்ந்த வாத்தியம்) பியானோவும் மட்டும். நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசிப் பகுதியில் வில் நாலு தந்திகளிலும் ஏறி இறங்க வேண்டும், அங்கேதான் மூச்சு வாங்குகிறது. இதை யாருக்குச் சமர்ப்பித்தார் என்று பார்த்தால், ஹெர்மன் ரிட்டர். ஜெர்மனிக்காரர், 1849இல் பால்டிக் கடலோர விஸ்மாரில் பிறந்தவர். லிஸ்ட் ஒரு வயோலாக்காரரை மதித்துத் தனியாக எழுதுகிறார் என்றால் சும்மா இல்லை. அந்தக் காலத்தில் வயோலா வரிசை என்பது வயலினில் தேறாதவர்கள் ஒதுங்கும் இடம். ஆபரா (இசை நாடகம்) எழுதிய வாக்னரே 1869இல் இதைப் பற்றி எரிச்சலோடு எழுதியிருக்கிறார்: தளர்ந்துபோன வயலின்காரர்களையும், எப்போதோ வயலின் தொட்ட ஊதுகுழல்காரர்களையும் பிடித்து அங்கே உட்கார வைக்கிறார்கள் என்று.

மார்ச் 6

ரிட்டரின் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. வயோலாவின் சுருதி வயலினுக்கு ஒரு பஞ்சமம் கீழே. அதாவது அதிர்வெண் விகிதம் 3:2. கணக்குப்படி உடலும் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். வயலினின் உடல் சுமார் 35.5 செ.மீ.; அப்படியானால் வயோலாவுக்கு 53 செ.மீ. வேண்டும். என்னுடையது 41. கீழ் சி தந்தி மூக்கால் பேசுவது இந்தக் குறையால்தான். சரி, 53 செ.மீ. வாத்தியத்தைத் தோளில் வைத்து யார் வாசிப்பது? ரிட்டர் 48இல் நின்றார். ஜெர்மனியின் ஊர்ட்ஸ்பர்க் நகரில் கார்ல் ஆடம் ஹோர்லைன் என்ற வாத்தியக் கைவினைஞர் செய்து கொடுத்தார். பெயர் ‘வயோலா ஆல்டா’. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் வாக்னரின் நான்கு ஆபராக்கள் கொண்ட ‘ரிங்’ முதன்முறை முழுதாக அரங்கேறியபோது அந்த வாத்தியத்தோடு ரிட்டர் இசைக்குழுவில் இருந்தார். வயோலாவுக்கு மட்டும் பன்னிரண்டு பேர் கேட்கும் இசை அது. வாக்னருக்குப் பரம திருப்தி.

இரவு இஞ்ச் டேப்பைக் கழுத்தடியிலிருந்து 48 செ.மீ. நீட்டிப் பார்த்தேன். வாத்தியத்தின் உடலே அங்கேதான் முடியும். அதற்கப்புறம்தான் அதன் கழுத்துப் பகுதி. இடது முழங்கை ஏறக்குறைய நேராகிவிட்டது. அந்த நிலையில் மணிக்கட்டை உள்ளே வளைத்து, சுண்டுவிரலை சி தந்தி வரைக்கும் கொண்டுபோக வேண்டும். என் கைக்கு நடக்காது.

மார்ச் 9

ரிட்டர் 1879 முதல் ஊர்ட்ஸ்பர்க் அரசு இசைப்பள்ளியில் ஆசிரியர். வயோலாவோடு இசை வரலாறும் சொல்லிக்கொடுத்தார். மனிதர் ஓயவில்லை. மூன்று கால் வைத்த குதிரை (தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டை), 1898இல் மேலே ஐந்தாவது தந்தி, 1905இல் இன்னும் பெரிய வாத்தியங்களையும் சேர்த்து ஒரு நால்வர் குழு. எனக்கென்னவோ, ஒலியியலில் அவர் சொன்னது அத்தனையும் சரி. தோள் என்று ஒன்று இருப்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. 1926இல் அவர் காலமானார். வயோலா ஆல்டாவும் புழக்கத்திலிருந்து போய்விட்டது. பின்னால் இங்கிலாந்தில் வயோலாக்காரர் லயனல் டெர்ட்டிஸ் தன் பெரிய வயோலாவை 43 செ.மீ.யோடு நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 12

இன்று சுவாரசியமான ஆள் கிடைத்தார். மிகாயல் பாலிங், ரிட்டரின் மாணவர். ஊர்ட்ஸ்பர்க்கை ஒட்டிய ஹைடிங்ஸ்ஃபெல்டில் 1866இல் பிறந்தவர். பைராய்ட்டில் வயோலா ஆல்டா வாசித்தவர். அப்புறம் நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறி, 1894இல் நெல்சன் ஊரில் ஒரு இசைப்பள்ளியைத் தொடங்கினார். ஊர்ட்ஸ்பர்க்கில் தான் படித்த மாதிரியை அங்கே நிறுவப் பார்த்திருக்கிறார். பள்ளி வேறு பெயரில் இன்றும் நடக்கிறது.

திரும்பி வந்த பாலிங் பைராய்ட்டில் இசைக்குழு நடத்துநர் மேடைக்கே ஏறினார். 1912இலிருந்து மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழு அவர் கையில். 1914இல் போர் வந்து அதை முடித்து வைத்தது. புதிய குழுவின் முன்னால் நின்றதும் அவர் கண் முதலில் வயோலா வரிசைக்குத்தான் போயிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.