000 இலிருந்து 990 வரை

நூலகத்துக்குப் போனால் என் கால் நேராக 890 என்ற எண் போட்ட தட்டுக்குத்தான் போகும். நாவல், சிறுகதை, அதோடு வீடு. இந்த வருஷம் அந்தப் பழக்கத்தை முறிக்க எனக்கு நானே ஒரு பந்தயம் வைத்தேன். நூலகங்களில் புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறையான தூயி தசமப் பகுப்பின் நூறு பிரிவிலும் பிரிவுக்கொரு புத்தகம். பகல் முழுக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவளுக்கு இலக்க வரிசை என்றால் ஒரு தனி ஆசை.

மெல்வில் தூயி 1876இல் இந்த முறையை வெளியிட்டபோது அவருக்கு வயது 24. அறிவு முழுவதையும் பத்து வகுப்பாக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பிரிவாக்கி, அதையும் பத்தாக வெட்டி அடுக்கினார். 040 மட்டும் இப்போது எதற்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது. ஆக, என் நூறு உண்மையில் 99.

சமயத்துக்கான 200க்கு வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 220 தொடங்கி 280 வரை பைபிளும் கிறிஸ்தவமும். சைவம், இஸ்லாம், பௌத்தம் எல்லாம் 290 என்ற ஒரே பிரிவுக்குள். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ் ஏறினால் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் மாறி மாறி வரும். மனிதர் அமெரிக்காவில் இருந்து அடுக்கினார், கண்ணுக்குப் பட்டதற்கு இடம் விட்டார். இலக்கியத்திலும் இதே கதைதான். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி என்று கிரேக்கம் வரை ஆளுக்கொரு பிரிவு, தமிழ் மட்டும் 890க்குள் 894.811. 290க்கு மட்டும் மூன்று புத்தகம் என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டேன். என் பந்தயம்தானே.

இரவல் பகுதியில் இருக்கும் அக்காவுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "என்னகா, இண்டைக்கு என்ன நம்பர்?" என்பார்.

நான் எதிர்பாராமல் ருசித்தது 630, விவசாயம். நெற்பூச்சிகளைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம். கபிலத் தத்தி, அதாவது எங்கள் ஆட்கள் சொல்லும் அறக்கொட்டியான், இலையில் இருக்காதாம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மேலே பச்சையாகத் தெரியும். திடீரென்று வட்டம் வட்டமாகக் கருகும். யூரியாவை அள்ளிப் போட்டு நெருக்கமாக விதைத்த வயல் அதற்குக் கொண்டாட்டம். கண்டபடி மருந்தடித்தால் அதைத் தின்னும் சிலந்திகளும் செத்து, தத்தி இன்னும் பெருகும். பெரும்போகத்தில் நெல் விதைக்கும் என் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் வயல் வட்டைக்குள் இறங்கி, ஒரு நெற்பத்தையைப் பிளந்து அடியைக் காட்டினார். நாலைந்து சிறு சிலந்திகள் தண்ணீரின் மேல் ஓடின. "இதுக்குத்தான் நான் அவசரப்பட்டு அடிக்கிறல்ல மனே. புத்தகக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றார்.

650இல் கணக்கியல். இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சியோலி 1494இல் வெனிஸில் அச்சேற்றிய செய்தி தவிர, மீதி எல்லாம் ஓவர்டைம் இல்லாத வேலை.

தலையைச் சொறிய வைத்தவள் கண்ணகி. வைகாசியில் குளிர்த்திச் சடங்குக்கு எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடும் வழக்குரை, அதாவது அவள் கதைப் பாடல், சமயமா இலக்கியமா? அம்மனுக்காக ஆடும் கொம்புமுறி விளையாட்டு 390இல் வழக்காறு, கூத்து 792இல் அரங்கு. ஊரில் ஒன்றாகக் கிடப்பது நூலகத்தில் நாலு தட்டுக்குப் பிரிந்துவிடுகிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்தரின் யாழ் நூலும் அப்படித்தான். 1947இல் வந்த அந்த நூலில் சிலப்பதிகாரமும் இருக்கிறது, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கும் இருக்கிறது. இசை என்று 780இல் வைத்தால், இயற்பியல் தேடி 530க்குப் போகிற பிள்ளையின் கண்ணில் அது படவே படாது. ஒரு பொருளின் பல முகங்களைச் சேர்த்துக் குறிக்கும் கோலன் பகுப்பு முறையை 1933இல் தந்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவரும் விபுலாநந்தரும் 1892இல் பிறந்தவர்கள் என்று கண்டபோது எனக்கு ஏனோ சந்தோஷம்.

வெறுந்தட்டுகளும் உண்டு. 470, லத்தீன் மொழி, ஒரு புத்தகம்கூட இல்லை. தெரிந்த ஃபாதர் ஒருவர் தன்னிடம் பழைய இலக்கணப் புத்தகம் கிடக்கிறது, தருகிறேன் என்றிருக்கிறார். முழுக்க வாசிக்க வேண்டுமா, முதல் பாடம் போதுமா என்று சட்டம் இன்னும் எழுதவில்லை. புத்தகத்தின் பருமனைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.