மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம்: காசிமேடு நாட்குறிப்பு

ஜூன் 12
லாஞ்சுகளுக்கு, அதாவது விசைப்படகுகளுக்கு, அடித்த பெயிண்ட் காய்ந்துவிட்டது. டீசல் ஏறுகிறது, ஐஸ் நாளை. 61 நாள் கழித்துக் கடலுக்குக் கிளம்புகிற ராத்திரி குவார்ட்டர் போடுவது சம்பிரதாயம் போலவே ஆகிவிட்டது. "விடியறதுக்குள்ள இறங்கிடும்" என்பார்கள்.

இறங்காது. 42.8 சதவீத பிராந்தி 180 மில்லியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ராத்திரி 10 மணிக்கு முடித்தவர் 12 மணிக்கு லாஞ்சு ஏறினால், குடித்ததில் முக்கால்வாசி இன்னும் உடம்பில். விடியற்காலை 4 மணிக்கும் மிச்சம் இருக்கும். மோர், எலுமிச்சை, தலையில் ஒரு வாளி தண்ணீர் எதுவும் இதை வேகப்படுத்தாது. காபி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான்.

ஜூன் 13
வலை ஏற்றும்போது, அதை இழுக்கும் வின்ச் இயந்திரத்தின் டிரம்மில் ரோப் ஒழுங்காகப் படிகிறதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். கம்பி ரோப்பில் அறுந்த இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் போதும், கையுறையைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கும். கையை உருவ முடியாது. கிளட்ச்சை விடுவித்தால்தான் டிரம் நிற்கும். அங்கே அரை நொடி தாமதம் என்றால் விரல் போய், மணிக்கட்டு உள்ளே.

"போதையில இருக்கான், சும்மா கிளட்ச்சைப் பிடிக்கட்டும்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான வேலைப் பிரிவினை. அவரைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். ஏறிவிட்டாரா? ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய் அடைக்கும்.

வலை இறக்கும்போதும் இதே கதைதான். டெக்கில் கிடக்கும் ரோப் வளையத்துக்குள் கால் இருப்பது போதையில் தெரியாது.

ஜூன் 14
குமட்டலுக்குப் போடும் மாத்திரை தானே தூக்கம் தரும், சரக்கோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இளவட்டங்கள் போதைக்குப் போடும் வலி மாத்திரையோ மூச்சையே மந்தமாக்கும். தூங்குகிறான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கஞ்சா அடித்தவரிடம் வீலைக் கொடுக்காதீர்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் எவ்வளவு தூரம் என்ற கணிப்பே தப்பும்.

குடித்தால் சிறுநீர் அதிகம். ராத்திரி தனியாக ஓரத்தில் நின்று, ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு... இன்ஜின் சத்தத்தில் விழுந்தது யாருக்கும் கேட்காது. மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் ஒரே நிமிடத்தில் லாஞ்சு 250 மீட்டர் தள்ளிப் போய்விடும். சிறுநீர் கழிக்க ஒரு கேனை வெட்டி டெக்கிலேயே வைத்துவிடுங்கள், கூச்சம் வேண்டாம்.

ஆள் விழுந்தால் ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துவிட்டுத் திருப்புங்கள். விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கு சேனல் 16. போனில் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.