திம்பம் ஏறாமல் மைசூருக்கு: பத்துச் சக்கர லாரிக்கு வழி வரைந்த அனுபவம்

கணினியில் நாம் வரைந்து அனுப்பும் வழியைத்தான் ஓட்டுநரின் கைப்பேசியும் சொல்லும் என்று நம்பி யாரும் லோடு ஏற்றிய வண்டியை நகர்த்த வேண்டாம். சங்ககிரியில் எங்கள் குடும்பத்து லாரிகளுக்கு லோடு பிடிப்பதும் வழி பார்ப்பதும் என் பொறுப்பு. சத்தியமங்கலம் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து மைசூருக்கு நூல் பெட்டிகள் ஏற்றும் வேலை கிடைத்தபோது பட்ட அலைச்சலை, அதே தடத்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

சத்தியிலிருந்து பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர் வழியாகப் போனால் மைசூர் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஆனால் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில், 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு, 16.2 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் ஏற முடியாது. இரவுப் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பத்துச் சக்கர லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையோ 28.5 டன். ஆகவே கோபி, பவானி, சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுற்றி, பெங்களூர் நகருக்குள் நுழையாமல் நைஸ் என்ற புறவழிச் சாலையைப் பிடித்து மைசூர் சாலையில் இறங்குவதே எங்களுக்கு உகந்த வழி. தூரம் மூன்று மடங்காகி 450 கிலோமீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது.

இந்தச் சுற்றுவழியைத்தான் அலுவலகக் கணினியில், கூகுள் மேப்பில் காட்டிய நீலக் கோட்டைச் சுட்டியால் பிடித்துச் சேலம் பக்கம் இழுத்து அமைத்து, அதன் இணைப்பை ஓட்டுநருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கணினியில் எல்லாம் சரியாகவே இருந்தது. அவர் கைப்பேசியில் அதே இணைப்பைத் திறந்தபோது, இழுத்து வைத்த வளைவு முழுவதும் மறைந்து, புறப்படும் இடமும் சேருமிடமும் மட்டும் மிஞ்சி, அது தானாகவே மிகக் குறுகிய வழியைப் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறது. ஆந்திரா லைனிலேயே பல காலம் ஓடியவர் அவர். அலுவலகமே அனுப்பிய வழி என்பதால் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார். பண்ணாரி செக்போஸ்ட்டில் வண்டியை மறித்துத் திருப்பி அனுப்பிய பிறகுதான், "அண்ணா, போன் மலைக்குத்தானுங்க போகச் சொல்லுது, இவங்க விடமாட்டேங்கறாங்க" என்று அழைத்தார். லோடு வண்டியைத் திருப்பவே அவருக்கு வெகு நேரம் பிடித்தது. அன்றைய மாலையும் டீசலும் வீணாயின.

அடுத்து, கோட்டை இழுப்பதை விட்டுவிட்டு, கோபி, பவானி, ஓமலூர், கிருஷ்ணகிரி என்று ஊர்களை நிறுத்தங்களாகவே சேர்த்து அனுப்பினோம். இது கைப்பேசியிலும் மாறாமல் நிற்கிறது; ஆனால் சேருமிடத்தையும் சேர்த்துப் பத்துப் புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. புள்ளி வைப்பதிலும் கவனம் வேண்டும். நான்குவழிச் சாலையில் வண்டி போகும் திசைக்குரிய பக்கத்தில், பிரதான சாலையின் மீதே அது விழ வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால் புள்ளி பேருந்து நிலையத்தின் அருகில் போய் உட்கார்ந்து, பைபாஸில் போக வேண்டிய லாரியை ஊருக்குள் இழுக்கிறது; நடுத்தடுப்புக்கு மறுபுறம் விழுந்தால், அடுத்த பாலத்தடியில் யூ-டர்ன் அடிக்கச் சொல்கிறது. படத்தை முழுவதுமாகப் பெரிதாக்கி, தடுப்பின் எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்த பிறகே புள்ளியை உறுதி செய்யுங்கள். இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று: ஒவ்வொரு நிறுத்தத்தைக் கடக்கும்போதும் 'தொடரவா?' என்று அது கேட்கிறது. தொப்பூர் இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மனிதர் திரையைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அந்த ஒரு காரணத்துக்காகவே ஆஸ்மேண்ட் (OsmAnd) என்ற வழிகாட்டும் செயலிக்கு மாறினோம். அதில் லாரிக்கென்று தனி வகை இருக்கிறது. எடை, உயரம், அகலம் ஆகியவற்றை நாமே பதிந்து வைக்கலாம். உயரத்தைப் பட்டறையில் வெற்று வண்டியில் அளக்காமல், லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி முடித்த பிறகு, சரக்கின் உச்சிவரை டேப் வைத்து அளந்து பதியுங்கள். தமிழ்நாடு, கர்நாடகா படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி தவறாது. வரைந்த வழியை ஜி.பி.எக்ஸ். என்ற தடக் கோப்பாகச் சேமித்து ஓட்டுநரின் கைப்பேசியில் திறந்தால், அது அந்தத் தடத்தையே பின்பற்றுகிறது. ஆனால் ஒன்று: தடத்திலிருந்து விலகினால் வழியை மறுபடி கணக்கிடும் வசதியை அமைப்புகளுக்குள் போய் அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் சோதித்துப் பார்த்தபோது, டீக்கடைக்கு ஒதுங்கிய சிறிது நேரத்திலேயே அது அந்தியூர், பர்கூர் மலை வழியாகப் புது வழி காட்டியது.

எடையையும் உயரத்தையும் பதிந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இந்தச் செயலிக்கு ஆதாரமான, பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரேனும் ஏற்றி வைத்த அளவு மட்டுமே அதற்குத் தெரியும். நம் பக்கத்து ரயில்வே நுழைபாலங்கள் பலவற்றின் உயரம் அதில் இல்லை. பாலத்தின் முகப்பில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து நாமே அதில் சேர்க்கலாம். எங்கள் ஓட்டுநர்கள் அந்தப் பலகைகளைப் படமெடுத்து அனுப்ப, நான் ஏற்றி வருகிறேன். சேருமிடத்திலும் கிடங்கின் அலுவலக வாசலில் புள்ளி வைக்காமல், லாரி நுழையும் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு அங்கே வையுங்கள்.

வழி அமைந்த பிறகும் காகிதம் இடறியது. சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் அனுப்புமிடம், சேருமிடம் இரண்டின் பின்கோடுகளைக் கொண்டு தளமே தூரத்தைக் கணக்கிடுகிறது. அதற்கு மேல் பத்து சதவீதம்தான் கூட்ட முடியும். எங்களுக்கு அது மலைவழித் தூரத்தையே காட்டியது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. எனவே மூன்று நாள் தேவைப்படும் தூரத்துக்கு ஒரே நாள் செல்லுபடி கிடைத்தது. காலாவதியாவதற்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை நீட்டிக்கலாம் என்பதால், வண்டி இருக்கும் ஊரின் பின்கோடையும் மீதித் தூரத்தையும் பதிந்து, கிருஷ்ணகிரியில் நிறுத்தி நீட்டித்தோம். வழியைத் திட்டமிடும்போதே அந்த எட்டு மணி நேரத்தில் வண்டி எங்கே நிற்கும் என்பதையும் குறித்துவிடுங்கள். நள்ளிரவில் ஞாபகம் வந்து பயனில்லை.

கடைசித் தகராறு வாடகைக்காக. புக்கிங் ஆபீஸ் எழுத்தர், "மேப்புல 150தானுங்க காட்டுது, அதுக்குத்தான் வாடகை" என்று ஒரே பிடியாக நின்றார். பண்ணாரியில் திருப்பி அனுப்பியதைச் சொன்னாலும் அவர் காதில் விழவில்லை. முழு ஓட்டத்தையும் செயலியில் பதிவு செய்து, அந்தத் தடத்தை நேரம், தூரத்துடன் அச்செடுத்து, வைகுந்தம், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளில் பாஸ்டாக்கில் பிடித்த தொகைப் பட்டியலையும் இணைத்து, எழுத்தரைத் தாண்டி ஆலையின் அனுப்புகைப் பிரிவிலேயே நேரில் கொடுத்தேன். அங்கிருந்தவர் தாளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, திம்பம் கட்டுப்பாடு தமக்கும் தெரிந்ததுதான் என்று சொல்லி, அடுத்த லோடிலிருந்து ஓடிய தூரத்துக்கே வாடகை என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். முதல் லோடின் பாக்கியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.