நோட்டீஸ் போர்டு சாவி யார்கிட்ட இருக்கு

எங்க ஊர் பேரூராட்சி ஆபீஸ் படி ஏறுனதும் இடது பக்கம் ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கு. பச்சைத் துணி ஒட்டுன பலகை, முன்னாடி கண்ணாடிக் கதவு, கதவுக்கு ஒரு குட்டிப் பூட்டு. உள்ள 2022 பிப்ரவரி எலெக்‌ஷனப்போ ஒட்டுன வாக்குச்சாவடி லிஸ்ட் மஞ்சளாகி ஓரமெல்லாம் சுருண்டு கெடக்கு, பக்கத்துல பல்லி முட்டை ரெண்டு. பல்லிக்கு மட்டும் உள்ள போக வழி தெரிஞ்சிருக்கு.

ஊர் பேர் போடல, போட்டா எங்கப்பா மறுநாள் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. கும்பகோணத்துலேருந்து டவுன் பஸ்ல ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம், 15 வார்டு, ஒரு பஸ் ஸ்டாண்டு, ரெண்டு கல்யாண மண்டபம், அவ்ளோதான் ஊரு.

போன மே மாசம் ரெண்டாந்தேதி வீட்டு வரி கட்டப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த தம்பி அசெஸ்மெண்ட் நம்பரத் தட்டிப் பாத்துட்டு, "அக்கா ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா அஞ்சு பர்சன்ட் கழிஞ்சிருக்கும், ஏப்ரல் 30 வரைக்கும்தான் அது" ன்னாப்ல. எங்கப்பா "எங்க ஒட்டியிருந்தீங்க?" ன்னு கேக்க சொல்லி அனுப்பிச்ச மாதிரி நானும் கேட்டேன். அந்தத் தம்பி பாவம், எந்திரிச்சுப் போயி பீரோ மேலேருந்து ஒரு பேப்பர எடுத்துக் காமிச்சாரு. டைப் அடிச்சு, சீல் வெச்சு, ஈ.ஓ. (செயல் அலுவலர்) கையெழுத்தெல்லாம் போட்டு ஜம்முனு இருக்கு. போர்டுல ஒட்டலயான்னா, சாவி முன்னாடி இருந்த பில் கலெக்டர்கிட்ட இருந்துச்சாம், அவரு டிரான்ஸ்பர் ஆகிப் போய்ட்டாராம், சாவி எங்கன்னு தெரியலயாம். பூட்ட ஒடைச்சுட்டா என்னன்னு கேட்டேன், அது ஆபீஸ் சொத்துக்கா ன்னாப்ல. அதுக்கு மேல நான் என்னத்த பேச.

எங்க வீட்டுக்கு அரையாண்டு வரி 1180 ரூபா, அதுல அஞ்சு பர்சன்ட்னா 59 ரூபா. 59 ரூபாய்க்கா இவ்ளோ நீட்டி எழுதுறன்னு என் வீட்டுக்காரர் இப்பவே கேட்டாச்சு. ரூபா கணக்கு இல்லங்க. 2022ல வரிய ஏத்துனாங்கல்ல, 600 சதுர அடிக்குள்ளன்னா 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100ன்னு, அது ஊர்ல பால் ஊத்துறவருக்குக் கூட மறுநாள் காலைல தெரியும். வரி ஏறுனது எப்படியோ எல்லா வீட்டுக்கும் வந்து சேந்துடுது, கழிவு இருக்குங்கறது மட்டும் பீரோ மேல படுத்துக்குது. அரையாண்டு ஆரம்பிச்ச மொத மாசத்துக்குள்ள கட்டுனா, அதாவது ஏப்ரல் 30க்குள்ள இல்லன்னா அக்டோபர் 31க்குள்ள, கட்டுற தொகையில அஞ்சு சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபா வரைக்கும் குறையும். அக்டோபர்ல நான் மூணாந்தேதியே போயி கட்டிட்டேன், அது வேற விஷயம்.

நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஊர்ல சேதி வர்ற விதமே வேற. சாயங்காலம் அஞ்சு மணிக்கு தெருமுனைல தண்டோரா சத்தம் கேக்கும், ஒரு தாத்தா வருவாரு, தோள்ல அழுக்குத் துண்டு, நாலு தட்டு தட்டிட்டு "இதனால் சகலமானவர்களுக்கும்" னு ஆரம்பிச்சா நாங்க பின்னாடியே ஓடுவோம். வரி கட்ட கடைசி நாள், போலியோ சொட்டு மருந்து, ஆத்துல தண்ணி தொறக்கப் போறாங்க ஆடு மாட்ட எறக்காதீங்க, எல்லாம் அவர் வாயிலேருந்துதான். யோசிச்சுப் பாத்தா அவரு எந்தத் தெருவுலேருந்து வந்தாரு, ஏன் அந்தத் தெருக்காரங்களே தலைமுறை தலைமுறையா அதப் பண்ணாங்க, ஏன் எட்டு வயசு நானும் அவர வா போன்னு பேசுனேன்னு இப்பதான் உறைக்குது. அவரு பேரு என்னன்னு எங்கப்பாகிட்ட கேட்டேன். தெரியலம்மா ன்னுட்டாரு. முப்பது வருஷம் வாசல்ல வந்து நின்ன மனுஷன். 2022 ஆகஸ்ட்ல அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு இனிமே தண்டோரா போடக் கூடாது, வண்டில மைக் கட்டி சொல்லுங்கன்னு எல்லா கலெக்டருக்கும் லெட்டர் போட்டாரு. அது நியாயமான காரியம், அதுல எனக்கு ரெண்டு பேச்சு கெடையாது.

ஆனா எங்க ஊருக்கு வந்த மைக் ஆட்டோ இருக்கே, அது நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போகும். "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்ப்ப்" னு நம்ம வாசல்ல கேக்கும், மீதி அடுத்த தெருக்காரங்களுக்கு. நாங்களும் அவங்களும் சேந்து உக்காந்தாதான் முழு அறிவிப்பு கெடைக்கும்.

இப்போதைக்கு எங்க ஊர்ல உண்மையான செய்தி ஆபீஸ் யாருன்னு கேட்டா தண்ணி தொறந்து விடுற அண்ணன்தான். கொள்ளிடத்துலேருந்து வர்ற கூட்டுக் குடிநீர் மேல்தொட்டில ஏறி அங்கேருந்து தெருவுக்கு வருது, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வால்வு, வால்வு எல்லாம் ரோட்டோரம் குழிக்குள்ள, மேல ஒரு சிமெண்ட் பலகை. அண்ணன் காலைல அஞ்சே காலுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்ல வருவாரு, வண்டில டி ஷேப்புல நீளமா ஒரு கம்பி. பலகைய கால்லயே நெம்பித் தள்ளி, கம்பிய உள்ள விட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சு பத்துப் பதினோரு சுத்து சுத்துவாரு. அவரு சுத்தி முடிச்சு நிமிரறதுக்குள்ள தெருவுல எல்லா வீட்லயும் குழாய்ல மொதல்ல காத்து உஸ்ஸுன்னு வரும், அப்புறம் கொஞ்சம் செம்மண் தண்ணி, அப்புறந்தான் நல்ல தண்ணி. அந்த அஞ்சு நிமிஷத்துல மோட்டார் எந்தத் தெருவுல காயில் போச்சு, யார் வீட்டுப் பெரியவருக்கு முடியல, புதுசா வந்த மேடம் கறாரா இல்லையா, சாக்கடை தூர் வார எப்ப வருவாங்க, எல்லாம் வந்துடும். இதுவரைக்கும் அவரு சொன்னது ஒண்ணு கூட தப்பாப் போனது இல்ல. ஆனா அவர்கிட்ட அஞ்சு பர்சன்ட் பத்திக் கேட்டேன், "நான் வாடகை வீடும்மா, வரியப் பத்தி எனக்கென்ன தெரியும்" ன்னாரு. சம்பளம் கூட அவருக்கு கான்ட்ராக்ட்காரர் மூலமாத்தான் வருது, அதுவும் எந்தத் தேதின்னு அவருக்கே தெரியாது.

அடுத்தது வார்டு வாட்ஸ்அப் குரூப். 180 பேர், காலைல 40 பேரு குட்மார்னிங் ரோஜாப்பூ, நடுவுல எங்கயோ மாட்டிக்கிட்டு "நாளை மின்தடை" னு ஒண்ணு. எங்க வார்டு பெண்கள் வார்டு, கவுன்சிலர் ஒரு அக்கா. அந்த 2022 எலெக்‌ஷன்லதான் நகர்ப்புறத்துல பாதி இடம் பொம்பளைங்களுக்குன்னு மொத தடவை வந்துச்சு. ஆனா குரூப்ல இருக்கறது அவங்க வீட்டுக்காரர் நம்பர். கூட்டத்துக்குப் போறது அக்கா, ஊர்ல "கவுன்சிலர் வர்றாரு" னு சொல்றது அவர. எங்க தெருவுல லைட்டு மூணு வாரம் எரியல, அவருக்கு எட்டு மெசேஜ் போட்டேன், எட்டுக்கும் கும்புடுற கைய அனுப்புனாரு. ஒரு நாள் ரேஷன் கடை க்யூல அக்காவையே நேர்ல புடிச்சேன். எந்தக் கம்பம்னு கேட்டாங்க, கம்பத்து மேல நம்பர் எழுதியிருக்கும் அத மட்டும் பாத்து சொல்லுன்னாங்க, சர்க்கரை வாங்குற கேப்புல யாருக்கோ போன் போட்டாங்க, அன்னிக்கு ராத்திரி லைட்டு எரிஞ்சுது. அன்னிலேருந்து நான் நேரா அக்காகிட்டதான். அக்காவோட நம்பர குரூப்ல போடலாம்னு தோணுச்சு, அவங்ககிட்ட கேக்காம போடறது சரியில்லன்னு விட்டுட்டேன். கேட்டுட்டுப் போடணும்.

கவுன்சிலர்னு ஒருத்தரு இருக்கறதே பெரிய விஷயம்தான், அத சொல்லணும். 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மேல ஊர்ல தலைவரும் கெடையாது கவுன்சிலரும் கெடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். அப்ப லைட்டு எரியலன்னா ரேஷன் க்யூல புடிக்கக் கூட ஆள் இல்ல.

இப்ப எதுத்த வீட்டு அக்கா கதைய சொல்லியே ஆகணும். அவங்க பையனுக்கு 14 வயசு, பத்தாவது வரப் போறான், பிறப்பு சர்டிபிகேட்ல பேரே இல்ல. ஆஸ்பத்திரில பொறந்தப்ப "ஆண் குழந்தை" னு பதிஞ்சதோட சரி, அப்புறம் பேர் சேக்கணும்னு யாருக்கும் தோணல. ஒரு வருஷத்துக்குள்ளன்னா சும்மாவே சேத்துருக்கலாம், அதுக்கப்புறம் 15 வயசு வரைக்கும் 200 ரூபா தாமதக் கட்டணம் கட்டி சேக்கலாம். 15 தாண்டிட்டா சேக்க முடியாது, எப்பயாச்சும் ஸ்பெஷலா கால அவகாசம் குடுத்தாத்தான் உண்டு. இது தெரிஞ்சதும் அக்காவுக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு. நம்ம பேரூராட்சிக்கு மொத நாள் போனாங்க, சம்பந்தப்பட்டவர் லீவு. ரெண்டாவது நாள் போனாங்க, சர்வர் ஒர்க் ஆகல. மூணாவது நாள்தான் உள்ளேருந்த ஒருத்தர் நிமிந்து பாத்து, "பையன் எங்கம்மா பொறந்தான்?" னு கேட்டிருக்காரு. கும்பகோணத்துல. அப்ப அங்கதான் போகணும், இங்க இல்ல.

மூணு நாள் அலைஞ்சதுக்கப்புறம் இந்த ஒத்த கேள்வி. குடியிருக்கற ஊர் கணக்கே கெடையாதுங்க, பொறந்த எடம் எந்த ஆபீஸ் எல்லையோ அங்கதான் பிறப்பு பதிவு, இறப்புக்கும் அதேதான், ஆஸ்பத்திரில உயிர் போச்சுன்னா அந்த ஆஸ்பத்திரி இருக்கற எடம். கும்பகோணம் 2021ல மாநகராட்சி வேற ஆயிடுச்சு, அக்கா நகராட்சின்னு நெனச்சுக்கிட்டுப் போயி போர்டப் பாத்து தப்பான ஆபீஸ்னு திரும்பி வரப் பாத்துருக்காங்க, வாட்ச்மேன்தான் கூப்ட்டு உள்ள அனுப்பிருக்காரு. பள்ளிக்கூட சர்டிபிகேட், அப்பா அம்மா ஆதார் எல்லாம் குடுத்து வேலை முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் அங்க சொல்லி அனுப்பிருக்காங்க, ஒரு தடவை பேர் ஏத்திட்டா மாத்த மாட்டோம், எழுத்த நல்லா பாத்துக்கங்கன்னு. அக்கா பையன் பேர்ல 'ஷ' வா 'ச' வான்னு அங்க நின்னுக்கிட்டே வீட்டுக்குப் போன் போட்டு மாமியார்கிட்ட கேட்டது தனிக் கூத்து.

எந்த வேலை எந்த ஆபீஸ்ங்கறதுதான் எங்க ஊர்ல பாதி பேருக்குப் பிரச்சினையே. மெயின் ரோட்டுல பள்ளம்னா நெடுஞ்சாலைத்துறை, அதே பள்ளம் பத்தடி தள்ளி உள் தெருவுல இருந்தா பேரூராட்சி. தெரு லைட்டு பேரூராட்சி, ஆனா லைட்டு தொங்குற கம்பம் ஈ.பி. பட்டான்னா வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ். எங்கப்பா எல்லாத்துக்கும் பேரூராட்சிக்குதான் மனு எழுதுவாரு, அவங்களும் வாங்கி வெச்சுக்குவாங்க. 2025ல உங்களுடன் ஸ்டாலின் முகாம் எங்க ஊர் மண்டபத்துல நடந்தப்பதான் இந்த அலைச்சல் கொஞ்சம் இல்லாம இருந்துச்சு, 13 துறை 43 சேவைன்னு ஒரே கூரைக்குக் கீழ டேபிள் போட்டு உக்காந்திருந்தாங்க, அதுக்கு முன்னாடியே வீடு வீடா வந்து பாரமும் நோட்டீசும் குடுத்துட்டுப் போனாங்க. பாதிக் கூட்டம் மகளிர் உரிமைத் தொகை டேபிள்ல. எங்கப்பா வாய்க்கால் ஆக்கிரமிப்பு மனுவ குடுத்தாரு, ரசீது வந்துச்சு, போன்ல மெசேஜ் வந்துச்சு, வாய்க்கால் அப்படியேதான் இருக்கு. ஆனா வீட்டுக்கு வந்து சொன்னாங்கல்ல, சொன்னா ஜனம் வரும்ங்கறது அன்னிக்குப் பாத்தேன், செருப்பு வைக்க எடமில்ல மண்டப வாசல்ல.

இப்ப பக்கத்து ஊராட்சிய எங்க பேரூராட்சியோட சேக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு டீக்கடைல ஓடுது. அந்த ஊர் பொம்பளைங்க கொதிச்சுப் போயிருக்காங்க, டவுன்ல சேந்தா 100 நாள் வேலை போயிடும், வீட்டு வரி ஏறும், கிராம சபையும் கெடையாது. அவங்க கேக்கறது நியாயம்தான். இது உண்மையா பொரளியான்னு தெரிஞ்சுக்கலாம்னு ஆபீசுக்குப் போனேன். உள்ள ஒருத்தர் "இன்னும் ஒண்ணும் வரலம்மா, வந்தா போர்டுல போடுவோம்" னாரு.

நான் போர்டத் திரும்பிப் பாத்தேன். அவரும் பாத்தாரு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

போன வாரம் போனப்ப ஒரு முன்னேற்றம், ஏதோ ஏல அறிவிப்ப கண்ணாடிக்கு வெளிப்பக்கமா பசை தடவி ஒட்டியிருக்காங்க. அதுக்கு மேலயே பாதி மறைக்கிற மாதிரி யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிட்டுப் போய்ட்டாங்க. ஏலத் தேதி தெரியல, காரியம் வர்ற பத்தாந்தேதின்னு தெரியுது.

அப்புறம் எங்க தெருக்காரங்க யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா, வால்வு கிட்ட பைப்பு ஒடஞ்சிருக்காம், வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் தண்ணி வராதாம், புதன் காலைலயே அண்டா குண்டா எல்லாத்துலயும் புடிச்சு வெச்சுக்கங்க. அண்ணன் சொன்னது.