பெருக்கலில் தொலைந்த பைட்டுகள்: ஒரு டிரைவர் நாட்குறிப்பு

12 ஜூன் 2025, கிருஷ்ணகிரி

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையின் அளவீட்டு அட்டைக்கான லினக்ஸ் டிரைவரை (அட்டையை லினக்ஸ் இயங்குதளத்தோடு இணைக்கும் நிரலை) இன்று படிக்கத் தொடங்கினேன். எத்தனை பதிவுகள் வருகின்றன என்ற எண்ணிக்கையைப் பயனர் நிரல் தருகிறது. டிரைவர் அதை ஒரு பதிவின் அளவான 24 பைட்டால் பெருக்கி, விடையை 32 பிட் மாறியில் வைத்து, அந்த அளவுக்கு நினைவகம் கேட்கிறது. எண்ணிக்கை 17,89,56,971 என்று வந்தால் பெருக்குத்தொகை 4,29,49,67,304. மாறியில் அடங்குவதோ 4,29,49,67,295 வரைதான்; அதைத் தாண்டினால் எண் பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கும் என்பதால் அதில் மிஞ்சுவது வெறும் 8. எட்டு பைட் இடத்தை வாங்கிக்கொண்டு பதினேழு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை எழுதப் புறப்படுகிறது அடுத்த வரியில் உள்ள, திரும்பத் திரும்ப ஓடும் லூப்.

13 ஜூன்

"64 பிட் கணினியில் இது நடக்காதே அண்ணா?" என்று பர்கூர் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு எங்களுடன் சேர்ந்த தம்பி கேட்டார். பாதி சரிதான்: பெருக்கல் 64 பிட்டில் ஒழுங்காகவே நடக்கிறது, விடையை 32 பிட் மாறியில் போடும்போதுதான் மேல்பகுதி வெட்டுப்படுகிறது. மாறியின் வகையை, நினைவக அளவுகளுக்கான சைஸ்_டி (size_t) என மாற்றினால், அது 64 பிட் கணினியில் 64 பிட் என்பதால், அங்கே தீர்ந்துவிடும். ஆனால் தொழிற்சாலையில் 32 பிட் ஆர்ம் செயலி கொண்ட பலகைகளும் ஓடுகின்றன, அவற்றில் சைஸ்_டியே 32 பிட்தான். ஆகவே, பெருக்குத்தொகை மாறியில் அடங்காமல் வழிந்தால் நினைவகம் தர மறுத்துவிடும் கேமல்லாக்_அரே (kmalloc_array) அழைப்புக்கு மாற்றினோம். அட்டையால் 4096 பதிவுகளுக்கு மேல் ஏற்க முடியாது என்பதால், அந்த வரம்பை மீறும் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கு முன்பே திருப்பி அனுப்புகிறோம். எனக்கு இந்த இரண்டாவது திருத்தத்தின்மீதுதான் அதிக நம்பிக்கை.

16 ஜூன்

காலை முழுவதும் மின்தடை. மாலையில் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கேசான் (KASAN) கருவியை இயக்கிய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) பழைய டிரைவரை ஏற்றி அதே எண்ணிக்கையை அனுப்பியபோது, முதல் பதிவை எழுதும்போதே எல்லை மீறல் என்று அறிக்கை வந்தது. புதியது தவறான மதிப்பு என்ற பிழைக்குறியோடு நின்றுகொண்டது. இன்னோர் இடத்தில், தொடக்க இடத்தையும் நீளத்தையும் கூட்டி, கூட்டுத்தொகை மொத்த அளவைத் தாண்டுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். கூட்டல் வழிந்தால் தொகை சிறிதாகிச் சோதனையில் தேறிவிடும். தொடக்க இடம் மொத்த அளவுக்குள் உள்ளதா என்று முதலில் உறுதிசெய்து, பிறகு மொத்தத்தில் அதைக் கழித்து, மீதியோடு நீளத்தை ஒப்பிடும்படி மாற்றினேன்.

17 ஜூன்

அதே டிரைவரில், காலக்கெடு முடிந்ததா என்பதை ஜிஃபீஸ் (jiffies, கெர்னலின் கடிகாரத் துடிப்புகளை எண்ணும் எண்ணி) மதிப்புகளை நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். நொடிக்கு 1000 துடிப்பு என்றால் 32 பிட் எண்ணி சுமார் 49.7 நாளில் ஒரு சுற்று முடித்துப் பூச்சியத்துக்குத் திரும்பும். அத்தனை நாள் காத்திருக்கத் தேவையில்லாதபடி, இயந்திரம் எழுந்த ஐந்தாவது நிமிடத்திலேயே சுற்று முடியுமாறு லினக்ஸில் தொடக்க மதிப்பை வைத்திருக்கிறார்கள். குறும்பான ஏற்பாடு, மிகவும் பிடித்தது. ஒப்பீட்டை, எண்ணி சுற்றித் திரும்பினாலும் சரியாக ஒப்பிடும் டைம்_ஆஃப்டர் (time_after) கொண்டு திருத்தினோம். பழைய கெர்னல் ஓடும் பலகைகளுக்கு நினைவகத் திருத்தங்கள் மட்டும் உடனே தேவைப்படுவதால், அவற்றைத் தனிப் பேட்ச்சாக (திருத்தத் தொகுப்பாக) பிரித்து இன்றிரவே அனுப்பிவிட்டோம்.