உடைந்த பொங்கல் பானையும் ஏதென்ஸும்

பொங்கலுக்குக் கேம்பல் லேனில் வாங்கிய மண்பானை போன மாதம் கை தவறி விழுந்து உடைந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. ஓடுகளைக் கழுவி ஒரு பையில் போட்டு வைத்தேன்.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் பிள்ளைகள் ஏழு பேர் சனிக்கிழமைதோறும் தமிழ் பேச, வாசிக்க என் வீட்டுக்கு வருகிறார்கள். எல்லோரும் தொடக்கநிலை 5, 6. இந்த முறை பழைய ஏதென்ஸ் நகரத்தைப் பற்றிப் பேசினோம். ஆளுக்கு ஓர் ஓடு கொடுத்தேன்.

அங்கே ஒருவருடைய செல்வாக்கு ஊருக்கு ஆபத்து என்று மக்கள் நினைத்தால், இப்படிப்பட்ட பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 ஓடுகள் விழ வேண்டும். மாட்டிக்கொண்டவர் 10 ஆண்டு ஊரை விட்டுப் போக வேண்டும், ஆனால் அவர் சொத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். "ஓடுதான் ஓட்டு ஆச்சா ஆன்ட்டி?" என்றாள் ஒருத்தி. இல்லை, ஓட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆனால் அந்தக் காது எனக்குப் பிடித்திருந்தது.

ஏதென்ஸ் தலைவர்களில் ஒருவரான அரிஸ்டைடீஸ் கதையையும் சொன்னேன். எழுதத் தெரியாத ஒருவர், யாரென்று தெரியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, "அரிஸ்டைடீஸ் என்று எழுதிக் கொடுங்கள்" என்றாராம். அவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டதற்கு, "ஒன்றுமில்லை, எங்கே போனாலும் அவரை நேர்மையானவர் என்கிறார்கள், கேட்டு அலுத்துவிட்டது" என்று பதில். அரிஸ்டைடீஸ் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். வேறு பெயரை எழுதியிருக்கலாமே என்று ஒருவன். அப்படிச் செய்தால் அது அந்த மனிதருடைய ஓட்டே இல்லை என்று இன்னொருத்தி. கால் மணி நேரம் சண்டை. நான் குறுக்கே போகவில்லை.

அப்புறம் ஓடுகளைத் திரும்பக் கேட்டேன். பெண்களுக்கு அங்கே ஓட்டுரிமை இல்லை, பெண் பிள்ளைகள் நால்வரும் ஓடுகளைத் திருப்பி வைத்துவிட்டார்கள். கி.மு. 451இல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, ஓட்டுரிமை வேண்டுமென்றால் தாய், தகப்பன் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருக்க வேண்டும். நம் ஊருக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் இன்னும் இரண்டு பையன்கள் போனார்கள். ஒருவன் கையில் மட்டும் ஓடு மிஞ்சியது.

ஓட்டைத் திருப்பி வைத்த அந்தப் பையன்கள் இருவரில் ஒருவனின் பெற்றோர் திருச்சியிலிருந்து வந்த நிரந்தரவாசிகள், குடியுரிமை இல்லை. "வெளியூர்க்காரங்க வரி கட்டினாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான். கட்டினார்கள், ஆண்களுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா. போருக்கும் போனார்கள். "நானும் பெரியவனானா தேசிய சேவைக்குப் போவேன்" என்றான், மெதுவாக.

எனக்குத் தொண்டை அடைத்தது. மக்களாட்சி பிறந்த ஊர் என்று சொல்லி இவ்வளவு நாளும் ஏதென்ஸைக் கடந்து போயிருக்கிறேன். ஓட்டைத் திருப்பி வைத்தவர்கள் பக்கம் நின்று ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவனுக்கு அரிஸ்டாட்டிலைப் பற்றிச் சொன்னேன். பெரிய தத்துவ அறிஞர், ஸ்டாகிரா என்ற வேறு ஊரில் பிறந்தவர், ஏதென்ஸில் பள்ளி நடத்தியவர். குடிமகன் யார் என்று யோசித்து எழுதிய அவருக்கே அந்த ஊரில் ஓட்டு இல்லை. அவன் ஓட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டான். கொடுத்தேன்.

அடுத்த வாரம் உத்திரமேரூர்க் குடவோலை, சோழர் காலத்தில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ப் பொறுப்புக்கு ஆள் எடுத்த முறை. அங்கேயும் சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். அவன் அதையும் கேட்பான். கேட்கட்டும்.